மணிக்கு 150 எரிநட்சத்திரங்கள்: அந்த எண்ணை எப்படிப் படிப்பது?

டிசம்பர் இரண்டாம் வாரம் வந்துவிட்டால் நாளிதழ்களிலும் தொலைக்காட்சிகளிலும் ஜெமினிட் விண்கல் மழை பற்றிய செய்தி தவறாமல் இடம்பெறுகிறது. மணிக்கு 150 எரிநட்சத்திரங்களை வெறும் கண்ணால் காணலாம் என்பதே பெரும்பாலும் அதன் சாரமாக இருக்கும். அதை நம்பி நகரத்து மொட்டைமாடியில் அரை மணி நேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, ஒன்றோ இரண்டோ மட்டும் கண்ணில் பட்ட ஏமாற்றத்தோடு கீழே இறங்கிப் போகிறவர்கள் ஏராளம். செய்தி பொய்யன்று. ஆனால் அந்த 150 எந்த நிபந்தனைகளுக்கு உட்பட்ட எண் என்பதை அச்செய்தி சொல்வதில்லை. அந்த நிபந்தனைகளைப் பிரித்துப் பார்த்துவிட்டால், எப்படிப்பட்ட ஊருக்குப் போக வேண்டும், எந்த நேரத்தில் பார்க்க வேண்டும், வானத்தின் எந்தப் பகுதியை நோக்கிப் படுக்க வேண்டும் என்பனவெல்லாம் பெரும்பாலும் தாமாகவே விளங்கிவிடும். ஜெமினிட் பொழிவையே எடுத்துக்காட்டாகக் கொண்டு, ஜவ்வாது மலைப் பக்கத்து இருண்ட கிராமம் ஒன்றிலிருந்து அதைப் பார்ப்பதாக வைத்துக்கொண்டு, இக்கட்டுரை அவற்றை விளக்குகிறது.

வால்நட்சத்திரங்களும் சில சிறுகோள்களும் சூரியனைச் சுற்றிவரும்போது தம் பாதை நெடுகத் துகள்களை உதிர்த்துக்கொண்டே செல்கின்றன. நாளடைவில் அத்துகள்கள் பாதை முழுவதும் பரவி, சூரியனைச் சுற்றி ஓடும் ஒரு துகள் ஓடையாகிவிடுகின்றன. பூமியின் பாதை அந்த ஓடையைக் குறுக்கிடும் இடத்தில், ஆண்டுதோறும் ஏறக்குறைய அதே தேதியில், துகள்கள் நம் வளிமண்டலத்துக்குள் பாய்கின்றன. விண்கல் மழைகளுக்கு நாள்காட்டி போட முடிவதற்கு இதுவே காரணம். ஜெமினிட் ஓடையின் தாய், 3200 ஃபேத்தான் என்னும் பாறைப் பொருள். ஐராஸ் என்னும் அகச்சிவப்புத் துணைக்கோள் எடுத்த படங்களில் சைமன் கிரீன், ஜான் டேவிஸ் ஆகிய இருவரும் 1983ஆம் ஆண்டு அக்டோபரில் இதைக் கண்டுபிடித்தனர். அதன் பாதை ஜெமினிட் துகள்களின் பாதையோடு பொருந்துவதை உடனடியாகச் சுட்டிக்காட்டியவர் ஃபிரெட் விப்பிள். சுமார் 17 மாதங்களுக்கு ஒருமுறை சூரியனைச் சுற்றிவரும் ஃபேத்தான், புதன் கோள் சூரியனை நெருங்கும் தொலைவில் பாதிக்கும் குறைவான தொலைவு வரை சூரியனை நெருங்கிச் சுட்டெரிகிறது. பெரும்பாலான விண்கல் மழைகளின் தாய் பனிக்கட்டி நிறைந்த வால்நட்சத்திரமாக இருக்க, இது மட்டும் பாறையாக இருந்துகொண்டு இவ்வளவு தூசியை எப்படி உதிர்த்தது என்ற கேள்வி இன்னும் முழுமையாகத் தீர்க்கப்படவில்லை. சூரியனை நெருங்கும்போது அதற்கு முளைக்கும் சிறு வால், தூசியால் ஆனதன்று, சோடியம் ஆவியால் ஆனது என்று 2023இல் வெளிவந்த ஆய்வு காட்டிய பின் அக்கேள்வி இன்னும் சிக்கலாகியிருக்கிறது.

ஜெமினிட் துகள்கள் விநாடிக்கு 35 கிலோமீட்டர் வேகத்தில் வளிமண்டலத்துக்குள் நுழைகின்றன. தரையிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் உயரத்தில் காற்று மிகவும் மெல்லியதாக இருந்தாலும், இந்த வேகத்தில் காற்று மூலக்கூறுகளோடு மோதும்போது துகளின் மேற்பரப்பு ஆவியாகி, அந்த ஆவியின் அணுக்களும் சுற்றியுள்ள காற்றின் அணுக்களும் கிளர்ச்சியுற்று ஒளிர்கின்றன. நாம் காணும் கீற்று அந்த ஒளிதான். துகளோ மணற்பரல் அளவிலிருந்து சிறு கூழாங்கல் அளவு வரையிலானது. இவ்வளவு சிறிய பொருள் 100 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து எப்படிக் கண்ணுக்குத் தெரிகிறது என்று வியப்பவர்கள் ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கிராம் எடையுள்ள துகள் இந்த வேகத்தில் கொண்டிருக்கும் இயக்க ஆற்றல் 6 லட்சம் ஜூலுக்குச் சற்று அதிகம். ஒரு டன் எடையுள்ள கார் நெடுஞ்சாலையில் மணிக்கு 126 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது கொண்டிருக்கும் ஆற்றலும் அதே அளவுதான். அவ்வளவும் ஒரு விநாடிக்குள் செலவழிந்துவிடுகிறது. ஆகஸ்டு மாதப் பெர்சீட் துகள்கள் விநாடிக்கு 59 கிலோமீட்டரும் நவம்பர் மாத லியோனிட் துகள்கள் 71 கிலோமீட்டரும் வேகம் கொண்டவை. அவற்றோடு ஒப்பிட்டால் ஜெமினிட்கள் நிதானமானவை. ‘அதோ’ என்று பக்கத்தில் இருப்பவருக்கு விரலை நீட்டிக் காட்டுவதற்குள் பல வேளைகளில் அவை மறைந்துவிடுவதில்லை. முதன்முறை பார்க்கிறவர்களுக்கு இந்தப் பொழிவைப் பரிந்துரைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

தோற்றமையம்

ஓடையில் உள்ள துகள்கள் அனைத்தும் ஏறக்குறைய இணையான பாதைகளில் வருகின்றன. இணைகோடுகள் தொலைவில் ஒன்றுகூடுவதாகத் தோன்றுவது கண்ணின் இயல்பு. ஆகவே ஒரு பொழிவைச் சேர்ந்த எரிநட்சத்திரங்களின் கீற்றுகளைப் பின்னோக்கி நீட்டினால் அவை வானத்தின் ஒரு குறிப்பிட்ட புள்ளியில் சந்திப்பதாகத் தெரியும். ரேடியண்ட் எனப்படும் அப்புள்ளியைத் தோற்றமையம் என்று வைத்துக்கொள்வோம். 1833ஆம் ஆண்டு நவம்பர் 13 அதிகாலையில் வட அமெரிக்காவில் லியோனிட்கள் ஆயிரக்கணக்கில் கொட்டியபோது, அவை அனைத்தும் சிம்ம ராசியில் உள்ள ஒரே இடத்திலிருந்து புறப்படுவதாகத் தெரிவதைப் பலரும் கண்டனர். டெனிசன் ஓம்ஸ்டட் என்னும் பேராசிரியர் அக்குறிப்புகளைத் திரட்டி, இத்துகள்கள் பூமிக்கு வெளியிலிருந்து வருகின்றன என்ற முடிவுக்கு வந்தார். அதுவரை எரிநட்சத்திரத்தை இடி, மின்னலோடு சேர்த்து வானிலை நிகழ்வாகக் கருதியவர்களே பலர்.

ஜெமினிட் பொழிவின் தோற்றமையம் மிதுன ராசியில் இருக்கிறது. அதைக் கண்டுபிடிப்பது நமக்குக் கடினமன்று. டிசம்பர் மாத இரவில் கிழக்கு வானில் வரிசையாக நிற்கும் மூன்று நட்சத்திரங்களைக் கொண்ட ஓரியன் தொகுதியையும், அதற்கு அருகே செந்நிறமாக ஒளிரும் திருவாதிரையையும் முதலில் அடையாளம் கண்டுகொள்ளவும். அங்கிருந்து வடகிழக்காகப் பார்வையை நகர்த்தினால், ஏறத்தாழ ஒரே அளவு ஒளியுடைய இரண்டு நட்சத்திரங்கள் அருகருகே தெரியும். அவையே காஸ்டர், போலக்ஸ் எனப்படும் புனர்பூசம். இரண்டில் சற்று வடக்கே இருப்பது காஸ்டர். தோற்றமையம் அதன் அருகில் உள்ளது.

தோற்றமையத்தைக் கண்டுபிடித்த கையோடு அதையே உற்றுப் பார்த்துக்கொண்டு இருந்துவிடக் கூடாது. அதற்கு அருகில் தோன்றும் எரிநட்சத்திரங்கள் நம்மை நோக்கி நேராக வருபவை என்பதால் அவற்றின் கீற்று மிகக் குறுகலாக இருக்கும். சில வெறும் புள்ளியாகப் பளிச்சிட்டு மறையும். அதிலிருந்து 40, 50 டிகிரி தள்ளித் தோன்றுபவை நீண்டு ஓடும். தோற்றமையத்தை அறிந்துகொள்வதன் முதன்மையான பயன், கண்ணில் பட்ட எரிநட்சத்திரம் இப்பொழிவைச் சேர்ந்ததா, அன்றாடம் தற்செயலாக விழும் உதிரியா என்று பிரித்தறிவதே ஆகும்.

150 எப்படி வந்தது?

செய்தியில் வரும் எண்ணுக்கு உச்சி மணிவீதம் என்று பெயர். தோற்றமையம் நம் தலைக்கு நேர் மேலே இருக்கிறது, ஒளித்தரம் 6.5 வரையிலான மிக மங்கலான நட்சத்திரங்களும் தெரியுமளவுக்கு வானம் இருண்டிருக்கிறது, மேகமோ மரமோ மலையோ பார்வையில் ஒரு துண்டையும் மறைக்கவில்லை, பொழிவும் அதன் உச்ச நேரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு தனி ஆள் ஒரு மணி நேரத்தில் காணக்கூடிய எண்ணிக்கை அது. வெவ்வேறு நாடுகளில் வெவ்வேறு வானத்தின் கீழ் எண்ணியவர்களின் கணக்குகளை ஒப்பிடுவதற்காக வானியலார் ஏற்படுத்திக்கொண்ட பொது அளவுகோலை, நம் ஊரில் தெரியப்போகும் எண்ணிக்கையாகச் செய்தி எழுதுபவர்கள் எடுத்துக்கொள்வதில்தான் குழப்பம் தொடங்குகிறது. (ஒளித்தரம் என்பது நட்சத்திரத்தின் பொலிவைக் குறிக்கும் எண். எண் கூடக்கூடப் பொலிவு குறையும். பழகிய கண்ணுக்கு நல்ல இருட்டில் 6 அல்லது 6.5 வரை தெரியும்.)

முதலில் தோற்றமையத்தின் உயரத்தை எடுத்துக்கொள்வோம். அது அடிவானத்துக்கு அருகில் இருக்கும்போது துகள் ஓடை வளிமண்டலத்தின்மீது மிகவும் சாய்வாக விழுகிறது. அதே அளவு துகள்கள் அதிகப் பரப்பில் சிதறிவிடுவதால் நம் தலைக்கு மேலுள்ள பகுதிக்குக் குறைவாகவே கிடைக்கும். எவ்வளவு குறைவு என்பதைத் தோற்றமையத்தின் உயரக் கோணத்தின் சைன் மதிப்பு சொல்லிவிடுகிறது. ஜவ்வாது மலையின் அட்சரேகை வடக்கு 12.5 டிகிரியை ஒட்டியது. அங்கே டிசம்பர் 14 அன்று ஜெமினிட் தோற்றமையம் இரவு ஏழே முக்கால் மணியளவில் வடகிழக்கில் உதிக்கிறது. 10 மணிக்கு ஏறத்தாழ 30 டிகிரி உயரத்தை எட்டுகிறது. 30 டிகிரியின் சைன் 0.5 என்பதால் அந்நேரத்தில் 150இல் பாதியையே நாம் தொடக்கப் புள்ளியாகக் கொள்ள முடியும். நள்ளிரவில் அது 53 டிகிரி உயரத்திலும், இரண்டேகால் மணிக்கு ஏறத்தாழ 70 டிகிரி உயரத்திலும் இருக்கும். அப்போது இழப்பு பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. நள்ளிரவு முதல் அதிகாலை நாலரை மணி வரை பார்க்குமாறு சொல்வதற்குக் காரணம் இந்தக் கணக்குதான். ஐந்து மணியை ஒட்டி விடியலின் முதல் வெளுப்பு தொடங்கிவிடுகிறது.

அதற்காக முன்னிரவை அறவே ஒதுக்கிவிட வேண்டியதில்லை. தோற்றமையம் தாழ்ந்திருக்கும் எட்டு, ஒன்பது மணி வேளையில் எண்ணிக்கை குறைவாக இருந்தாலும், அப்போது வருபவை வளிமண்டலத்தின் மேல்விளிம்பை உரசிக்கொண்டு வானத்தின் பெரும்பகுதியைக் கடந்து செல்லக்கூடியவை. குழந்தைகளை நள்ளிரவு வரை விழித்திருக்க வைக்க இயலாத குடும்பங்களுக்கு அப்படி ஒன்றிரண்டு கிடைத்தாலே போதும்.

அடுத்தது இருட்டு. எண்ணிக்கையை எல்லாவற்றையும்விட அதிகமாகத் தின்பது இதுதான். பொலிவான எரிநட்சத்திரங்களைவிட மங்கலானவை பல மடங்கு அதிகம் என்பதால், வானம் சற்று வெளிறினாலும் பெருங்கூட்டம் ஒன்று கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறது. ஜெமினிட்களைப் பொறுத்தவரை, வானம் ஓர் ஒளித்தரம் வெளிறினால் எண்ணிக்கை 2.6இல் ஒரு பங்காகக் குறையும் என்பது எண்ணிப் பார்த்தவர்களின் அனுபவக் கணக்கு. இரண்டு ஒளித்தரம் வெளிறினால் கிட்டத்தட்ட ஏழில் ஒரு பங்கு; மூன்று என்றால் பதினேழில் ஒரு பங்குக்கும் கீழ். இதை ஊர்களுக்குப் பொருத்திப் பார்ப்போம். ஒளித்தரம் 6 வரை தெரியும் நல்ல கிராமத்து வானத்தில் அதிகாலை இரண்டேகால் மணிக்கு 87 எரிநட்சத்திரங்களை எதிர்பார்க்கலாம். 4.5 வரை மட்டுமே தெரியும் சிறு நகரத்தில் அதே நேரத்தில் 21. பெருநகரத்தின் நடுவே, 3.5 வரை தெரியும் மொட்டைமாடியில், 8. அந்த எட்டும் பொழிவின் உச்சம் அதே மணியில் அமைந்தால்தான் கிடைக்கும். நகரத்து மாடிக்குச் சுற்றுக் கட்டடங்கள் வானத்தில் பாதியை மறைத்துவிட்டால் நான்கு. ஏமாற்றம் அடைந்தவர்களின் கணக்கு இதற்குள் அடங்கிவிடுகிறது.

இருண்ட இடமும் இருளுக்குப் பழகிய கண்ணும்

ஜவ்வாது மலையை எடுத்துக்காட்டாகக் கொண்டதற்குக் காரணம் உண்டு. திருப்பத்தூர் மாவட்டத்தில் ஆலங்காயத்துக்கு அப்பால் அம்மலையிலுள்ள காவலூரில்தான், 2.34 மீட்டர் தொலைநோக்கியைக் கொண்ட வைணு பாப்பு வானாய்வகம் இயங்குகிறது. 1960களில் இடம் தேடியபோது நகர ஒளி எட்டாத வானமும், தென்வானத்தையும் பார்க்க வாய்ப்பளிக்கும் தாழ்ந்த அட்சரேகையும் அங்கே அமைந்திருந்தன. எனினும் இத்தகைய பெயர்பெற்ற இடத்துக்கே போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மாவட்டத் தலைநகரிலிருந்து 30, 40 கிலோமீட்டர் விலகிய எந்தச் சிற்றூரும், அங்கே தெருவிளக்கு நேராகக் கண்ணில் படாத ஒரு களமும் இருந்தால் போதும்.

இடத்தைத் தேர்ந்தெடுப்பதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, வானத்தையே வெளிறச் செய்யும் தொலைதூர நகர ஒளி. இதைத் தவிர்க்கத் தொலைவு ஒன்றே வழி. மற்றொன்று, கண்ணில் நேராக விழும் விளக்கு. ஊராட்சிகளில் அண்மைக் காலமாகப் பொருத்தப்படும் வெள்ளை எல்இடி தெருவிளக்குகளும், கூட்டுச்சாலைகளில் நிற்கும் உயர்கோபுர விளக்குகளும் அரை கிலோமீட்டருக்கு அப்பாலும் கண்ணைக் கூசவைக்கின்றன. இவ்வகை ஒளியை ஒரு சுவரின் மறைவிலோ வைக்கோல்போரின் மறைவிலோ படுத்துக்கொண்டால் தடுத்துவிடலாம். ஆகவே சுற்றிலும் விளக்கில்லாத, ஆனால் பெருநகரத்தின் ஒளிவட்டத்துக்குள் இருக்கும் புறநகர் மைதானத்தைவிட, ஒன்றிரண்டு விளக்குகள் இருந்தாலும் நகரத்துக்கு வெகுதொலைவில் உள்ள கிராமமே மேலானது.

வானம் எவ்வளவு இருண்டிருக்கிறது என்பதை அளக்கக் கருவி எதுவும் தேவையில்லை. கார்த்திகை நட்சத்திரக் கூட்டம் போதும். டிசம்பர் முன்னிரவில் அது உச்சி வானத்தில் இருக்கும். அங்கே தனித்தனியாக ஆறு நட்சத்திரங்களை எண்ண முடிந்தால் வானமும் கண்ணும் நல்ல நிலையில் உள்ளன என்று கொள்ளலாம். நான்குதான் தெரிகிறது என்றால் சுமார். ஒரு புகைத்திட்டாக மட்டும் தெரிந்தால் வேறு இடம் பார்ப்பது நல்லது. ஓரியனுக்கும் மிதுனத்துக்கும் இடையே ஓடும் குளிர்காலப் பால்வீதி, கோடைக்காலத்துப் பால்வீதியைவிட மிகவும் மங்கலானது. அது தெரிகிறது என்றால் அதைவிடச் சிறந்த சான்று வேண்டியதில்லை.

இனி, கண். விழித்திரையில் உள்ள இருவகை ஒளியுணர் செல்களில், நிறம் காணும் கூம்பு செல்கள் இருட்டுக்குச் சுமார் பத்து நிமிடங்களில் பழகிவிடுகின்றன. மங்கலான ஒளியைக் காண உதவும் குச்சி செல்களில் ரொடாப்சின் என்னும் ஒளியுணர் பொருள் மீண்டும் சேர்வதற்கோ அரை மணி நேரம்வரை ஆகிறது. நாம் தேடி வந்த மங்கலான எரிநட்சத்திரங்கள் இந்தக் குச்சி செல்களுக்கே தெரியும். அரை மணி நேரம் இருட்டில் காத்திருந்து சேர்த்ததை, வாட்ஸ்அப் பார்ப்பதற்காகக் கைப்பேசித் திரையை ஒருமுறை எரியவிட்டால் பெரும்பாலும் இழந்துவிடுவோம். மறுபடியும் முதலிலிருந்து காத்திருக்க வேண்டும். குச்சி செல்கள் அடர்சிவப்பு ஒளியை ஏறத்தாழ உணர்வதே இல்லை என்பதால், டார்ச் விளக்கின் முகப்பில் சிவப்புக் கண்ணாடித்தாளை இரண்டு மூன்று மடிப்பாக வைத்து ரப்பர் வளையம் போட்டுக்கொள்வது வானம் பார்ப்பவர்களின் வழக்கம். கூட்டமாகப் போகும்போது ஒருவருடைய கைப்பேசி எல்லாருடைய கண்ணையும் கெடுத்துவிடும் என்பதால், தொடங்கும்போதே அதைப் பற்றிக் கண்டிப்பாகப் பேசிவிடுவது நல்லது. இதில் நாகரிகம் பார்க்கத் தேவையில்லை.

தொலைநோக்கியும் பைனாகுலரும் இதற்கு உதவா. அவை வானத்தின் சிறு துண்டை மட்டுமே காட்டுபவை. எரிநட்சத்திரமோ எங்கே தோன்றும் என்று சொல்ல முடியாதது. கயிற்றுக் கட்டிலிலோ பாயிலோ மல்லாந்து படுத்துக்கொண்டு, அடிவானத்திலிருந்து 50, 60 டிகிரி உயரத்தில் பார்வையை நிறுத்திக்கொள்வதே போதுமானது. இன்னும் தாழ்வாகப் பார்த்தால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. ஜவ்வாது மலையிலிருந்து கிழக்கே 20 டிகிரி உயரத்தில் ஓர் எரிநட்சத்திரம் தெரிகிறது என்றால், அது 100 கிலோமீட்டர் உயரத்தில் எரிவதாகக் கொண்டால், நம்மிடமிருந்து அதன் கிடைத்தொலைவு சுமார் 275 கிலோமீட்டர். அதாவது அது சென்னையையும் தாண்டி வங்கக்கடலுக்கு மேலே எரிகிறது. தலைக்கு மேல் எரியும் அதே அளவு துகளைவிட அது இரண்டு ஒளித்தரத்துக்கும் மேல் மங்கலாகவே நமக்குத் தெரியும். இடையில் உள்ள தூசும் பனிமூட்டமும் மேலும் கொஞ்சத்தை விழுங்கிவிடும்.

எரிநட்சத்திரத்தைப் பார்த்தால் உடனே பச்சை மரத்தைப் பார்க்க வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. பொழிவு நாளில் அதைக் கடைப்பிடித்தால் அடுத்தடுத்து வருபவற்றைத் தவறவிட நேரும். ஏனெனில் அவை சீரான இடைவெளியில் வருவதில்லை. மணிக்கு 60 என்றால் நிமிடத்துக்கு ஒன்று என்று பொருளன்று. அரை நிமிடத்தில் மூன்று வரும். பிறகு நான்கு நிமிடம் ஒன்றுமே வராது. மணிக்கு 20 மட்டுமே தெரியும் வானத்தில் பத்து நிமிட வெறுமைகூட இயல்பானதே. கால் மணி நேரம் பார்த்துவிட்டு முடிவு கட்டுவது ஆகாது. கண் பழகுவதற்கான அரை மணி நேரத்தை நீக்கிவிட்டு, குறைந்தது ஒரு மணி நேரமாவது தொடர்ந்து பார்க்க வேண்டும்.

இரவுநேரக் காட்டைப் பற்றியும் ஒரு சொல். ஜவ்வாது மலையிலும் பிற மலைகளிலும் காப்புக்காட்டுக்குள் இரவில் தங்குவதற்கு வனத்துறையின் அனுமதி வேண்டும். ஊரை ஒட்டிய பட்டா நிலமோ தெரிந்தவர் வீட்டுக் களமோதான் சரியான இடம். வேற்றாள்கள் நான்கு பேர் நள்ளிரவில் விளக்கில்லாமல் வயலோரம் படுத்திருந்தால் ஊரார் ஐயுறுவது இயல்பு என்பதால், மாலையிலேயே வந்து சொல்லிவிட வேண்டும். பாம்புக்குப் பயந்து தரையைத் தவிர்த்துக் கட்டிலைக் கேட்டு வாங்கிக்கொள்வதில் தவறில்லை. கார்த்திகைக் கடைசியில் மலையில் விழும் பனி, அசையாமல் படுத்திருப்பவரை இரண்டு மணிக்குள் நடுங்க வைத்துவிடும். கம்பளியும் காதை மூடும் துணியும் கட்டாயம் வேண்டும்.

மேகமும் நிலவும்

தமிழ்நாட்டில் ஜெமினிட்டுக்கு இருக்கும் பெரிய இடையூறு வடகிழக்குப் பருவமழை. டிசம்பர் நடுவில் வங்கக்கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு உருவாகிவிட்டால் எல்லாக் கணக்கும் வீணாகும். கடலோர மாவட்டங்களைவிட மேற்கு, வடமேற்கு மாவட்டங்களில் வானம் திறப்பதற்கு வாய்ப்பு அதிகம். பயணத்தைப் பல நாள் முன்பே உறுதிசெய்வதைவிட, இந்திய வானிலை ஆய்வுத் துறையின் துணைக்கோள் படத்தை அன்று பிற்பகல் பார்த்துவிட்டுக் கிளம்புவது அறிவுடைமை. ஜெமினிட்டின் உச்சம் ஓரளவு அகன்றது என்பதால், அதற்கு முந்தைய இரவிலும் கணிசமாகக் கிடைக்கும். உச்சத்துக்குப் பின் எண்ணிக்கை வேகமாகச் சரியும். சிறு துகள்கள் முன்னதாகவும் பெரியவை பின்னதாகவும் உச்சம் காண்பதால், கடைசியில் வருபவற்றில் பொலிவானவற்றின் பங்கு கூடுதலாக இருக்கும் என்பதையும் சொல்ல வேண்டும்.

நிலவு பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. முழுநிலவு, இருண்ட கிராமத்தையும் சிறு நகரமாக்கிவிடும். 2024இல் திருவண்ணாமலைத் தீபம் டிசம்பர் 13 அன்று வந்தது. தீபத்தோடு முழுநிலவும் சேர்ந்து வருவதால் அவ்வாண்டு ஜெமினிட் பார்க்கச் சென்றவர்களுக்கு வெளிச்சமே மிஞ்சியது. 2027இலும் பௌர்ணமி டிசம்பர் 13 அன்றுதான். இடைப்பட்ட 2026 நல்ல ஆண்டு: அமாவாசை டிசம்பர் 9 அன்று வருகிறது, பொழிவின் உச்சம் இந்திய நேரப்படி டிசம்பர் 14 மாலையை ஒட்டி அமைகிறது. அன்றிரவு வளர்பிறை நிலா 11 மணிக்குள் மறைந்துவிடும். அதன் பிறகு விடியும்வரை இருட்டு நம்முடையது.

வெறுமனே பார்த்து மகிழ்வதோடு நில்லாமல் எண்ணியும் பார்க்க விரும்புகிறவர்களுக்குத் தேவையானவை ஒரு நோட்டும் பென்சிலும் மட்டுமே. கால் மணிக்கு ஒரு வரி என்று பிரித்துக்கொண்டு, ஜெமினிட்டுக்கு ஒரு கோடும் உதிரிக்கு ஒரு வட்டமும் போடலாம். பழகிவிட்டால் தாளைப் பார்க்காமலே போட வரும். கீற்றைப் பின்னோக்கி நீட்டினால் புனர்பூசத்தை ஒட்டிப் போகிறதா என்பதே தேர்வு. ஒவ்வொரு மணியிலும் தெரியும் மிக மங்கலான நட்சத்திரத்தின் ஒளித்தரம், மேகம் மறைத்த பங்கு, இடையில் எழுந்து போன நிமிடங்கள் ஆகியவற்றையும் குறிக்க வேண்டும். இவை இல்லாத எண்ணிக்கையால் பிறருக்குப் பயனில்லை. பன்னாட்டு விண்கல் அமைப்பு இத்தகைய தன்னார்வலர்களின் கணக்குகளை உலகெங்குமிருந்து பெற்றுத் தொகுக்கிறது. அதற்கு அனுப்பும்போது நேரத்தை உலகப் பொது நேரத்துக்கு மாற்ற வேண்டும். இந்திய நேரத்திலிருந்து ஐந்தரை மணி நேரத்தைக் கழித்தால் போதும். ஒளிப்படம் எடுக்கும் ஆசையை முதல் இரவில் ஒத்திவைப்பது நல்லது என்பது என் கருத்து. கேமராவோடு மல்லுக்கட்டுபவரின் கண் எப்போதும் திரையில்தான் இருக்கும்.

மழை ஜெமினிட்டைக் கெடுத்துவிட்டால் அடுத்து எதை எதிர்பார்ப்பது? செய்திகளில் மிகுதியாக அடிபடும் ஆகஸ்டு மாதப் பெர்சீட்டை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதன் தோற்றமையம் வடக்கே வெகுதொலைவில் இருப்பதால் நம் அட்சரேகையில் விடியும் நேரத்தில்கூடப் பாதி வானத்தை எட்டுவதில்லை. போதாக்குறைக்குத் தென்மேற்குப் பருவமழையின் மேகம் வேறு. தமிழ்நாட்டுக்கும் இலங்கைக்கும் ஏற்றது, மே மாத முதல் வாரத்தில் வரும் ஈட்டா அக்வாரிட். ஹாலி வால்நட்சத்திரம் உதிர்த்த துகள்களால் உண்டாகும் இப்பொழிவின் உச்சி மணிவீதம் சுமார் 50. தோற்றமையம் வான நடுக்கோட்டை ஒட்டி இருப்பதால் ஐரோப்பாவில் அது அடிவானத்தைவிட்டு எழுவதற்குள் விடிந்துவிடுகிறது. நமக்கோ அதிகாலை இரண்டு மணியளவில் கிழக்கில் உதித்து, நாலரை மணிக்குள் ஏறத்தாழ 40 டிகிரி உயரத்துக்கு வந்துவிடும். துகள்கள் விநாடிக்கு 66 கிலோமீட்டர் வேகத்தில் பாய்பவை. பொலிவானவை தம் தடத்தில் ஒளிரும் புகைக்கோட்டைச் சில விநாடிகள் விட்டுச்செல்லும். மேலே போட்ட அதே கணக்கைப் போட்டால், நல்ல கிராமத்து வானத்தில் விடியலுக்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் 20 அளவில் எதிர்பார்க்கலாம். கம்பளி தேவைப்படாது. 2027இல் அப்பொழிவின் உச்ச நாளான மே 6 அன்று அமாவாசை.